இன்னும் சாகல

வாசலில் கூழாங்கல் பரப்பிய அழகுப் பாத்திக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோரைப்புல்லை முறைத்துக்கொண்டிருந்தான் பிரதாப்.

"ஒரு வாரமா இதைத்தான் பண்றீங்க. களை காடா கெடக்கு" என்றாள் மனைவி கௌசல்யா. "எங்கம்மா எரியோட்டுலருந்து இப்ப வந்துருவாங்க. மாப்ள எங்க வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கலன்னு ஏற்கெனவே வருத்தத்துல இருக்காங்க."

"நீ சொன்ன மாதிரிதான் எடுக்குறேன். காஞ்சதையெல்லாம் பிடுங்கிட்டேன். மிச்சம் இன்னும் சாகல. தண்ணிகூட ஊத்தாம பாத்துட்டேன்."

"அது எதுக்குச் சாகணும்?"

"நீதானே 'செத்த களை எடுங்க'ன்னு சொன்னே?"

கௌசல்யா தலையில் அடித்துக்கொண்டாள். "செத்தன்னா எங்க திண்டுக்கல் பக்கம் கொஞ்ச நேரம்ங்க. கொஞ்ச நேரம் களை எடுங்கன்னு சொன்னேன். கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு, இதுகூடவா தெரியல?"

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பிரதாப்புக்கு முகம் வெளிறிவிட்டது. களைக்காக அல்ல. வேறு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் பழனியம்மாள் இறங்கினாள். இறங்கியதும் கண் கலங்கிவிட்டது.

"ஏன் மாப்ள, எம்புட்டுத் தடவை போன்ல சொன்னேன், செத்த வந்து பாத்துட்டுப் போங்கன்னு. ஒரு நாளாவது வந்தீங்களா?"

பிரதாப் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"நீங்க செத்தா வந்து பாக்கச் சொல்றீங்கன்னு நெனச்சு, வெயிட் பண்ணிட்டிருந்தேன் அத்தை."