கெந்தாவ் கடையில் ஒரு மன்னிப்பு

சர்க்கரை உருகிப் பழுப்பேறும் நேரம் பார்த்து அடெமார் வரிசையில் வந்து நின்றான்.

டால்வா நிமிரவில்லை. கண்ணை எடுத்தால் பாகு கருகிவிடும். கருகிய பாகில் எவ்வளவு நல்ல சாராயத்தை ஊற்றினாலும் கசப்புதான்.

நிமிராமலேயே அவன் வந்தது தெரிந்தது. தேவாலயத் திடலில் அந்தப் பக்கம் மட்டும் பேச்சு அடங்கிப்போயிருந்தது.

இஞ்சியையும் பட்டையையும் கிராம்பையும் பாகில் போட்டுக் கிளறினாள். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டாள். மலையிலிருந்து இறங்கிய ஜூன் குளிரில் எல்லார் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. புனித யோவான் திருவிழாவில் தீ மூட்டத்தைச் சுற்றி வந்தவர்கள் அடுத்துத் தேடுவது இந்தச் சூடான மசாலாச் சாராயத்தை, டால்வாவின் கெந்தாவைத்தான். ஒரு கோப்பை உள்ளே போனால் உள்ளங்கால்வரை சூடு இறங்கும்.

“வந்துட்டான் பாருடி” என்றாள், பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நெய்டே. அவன் காதில் விழட்டும் என்றே சொன்னாள். “பெத்த அப்பனப் புதைக்க வரல, குடிக்க மட்டும் வந்துட்டான். கொதிக்கிறத அப்படியே மூஞ்சியில ஊத்து.”

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், டால்வாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று இதே தேவாலயத்தில் மணி அடிக்க இருந்த காலையில், பால் லாரி ஏறி சாவோ பாவ்லோவுக்கு ஓடிப்போனவன் அடெமார்.

ஊர் டால்வாவைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. திருவிழாவில் வருஷாவருஷம் பொய்க் கல்யாணம் ஒன்று போடுவார்கள். மாப்பிள்ளை தப்பி ஓடுவான், அட்டைத் துப்பாக்கியோடு போலீஸ்காரர் துரத்திப் பிடித்து இழுத்து வருவார், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவள் மனம் நோகக் கூடாது என்று பாதிரியார் அதையே இரண்டு வருஷம் நிறுத்திவைத்தார். பிறகு அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இருந்தும் ஊருக்கு அவள் ‘பாவம் டால்வா’தான்.

சாபமெல்லாம் அடெமாருக்குப் போனது. அவன் அப்பா பெந்தோ, சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைக் கழற்றி அடுப்பில் போட்டார். எனக்கு மகன் இல்லை என்றார், சாகும்வரை அந்தச் சொல்லை மாற்றவில்லை. திருவிழாதோறும் முதல் ஆளாக டால்வாவின் கடைக்கு வருவார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் பெந்தோ இல்லை. கண் தெரியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடெமார் திரும்பி வந்திருந்தான்.

டால்வா சாராயத்தைப் பானையில் சாய்த்தாள். ஆவி அடுப்பைத் தொட்டு, நீலத் தீ குப்பென்று எழுந்தது. வரிசை பின்வாங்கியது. அடெமார் மட்டும் அசையவில்லை. அவள் மூடியைப் போட்டுத் தீயை அடக்கி, தண்ணீர் ஊற்றி, கொதிக்க விட்டாள்.

“டால்வா.”

நிமிர்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது அவனுக்கு. அப்பாவைப் போலவே தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

“சவப்பெட்டிக்குப் பக்கத்துலகூட நான் வரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு அப்பா. கல்லறைச் சுவத்துக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். அது எனக்கு வேணும், செஞ்சதுக்குப் பட்டேன். உன்கிட்ட மட்டும் ஒரு தடவ கேட்டுடணும். என்ன மன்னிச்சிரு.”

டால்வாவின் வாய் திறந்தது.

“அடெமார், அன்னைக்கு நான்…”

நெய்டே ஈரக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார். தீ மூட்டத்தின் பக்கமிருந்து அவளுடைய இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அகப்பையை எடுத்து ஒரு கோப்பை நிறைய ஊற்றினாள்.

“அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. சூடா இருக்கு, பாத்துக் குடி.”

அடெமார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்தான், குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ ஒருவர் அவன் தோளில் கை போட்டு அழைத்துப்போனார். அவன் ஊர் திரும்பிய பிறகு, அம்மாவைத் தவிர வேறொருவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் முறை.

“உன் மனசு யாருக்குடி வரும்” என்று நெய்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டால்வா அடுத்த கோப்பையை நிரப்பினாள். பாதி வெளியே சிந்தியது.

அந்தக் கல்யாணக் காலையில் பெந்தோ டால்வா வீட்டு முன்வாசலில் விழுந்து, “ஓடிட்டானே, எங்க எல்லார் மானத்தையும் வாங்கிட்டு ஓடிட்டானே” என்று அலறியபோது, அவள் பின்னறை ஜன்னலில் இருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தோளில் துணிமூட்டை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

பெந்தோவின் குரல் கேட்டதும், வெளியே இருந்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

உறவுக்காரப் பெண்கள் வந்து அறைக் கதவைத் தட்டினார்கள். “இதோ வர்றேன்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் கல்யாண உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள்.