ஒரு மணி நேரப் பாட்டு

"இந்த எம்பி3 பிளேயர்லே எந்தப் பாட்டும்மா ஏத்தணும்?" ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக மாமியாரின் சிடிக்களைப் பையில் அடுக்கினாள் விஷ்ணுப்ரியா.

"ஒரு மணி நேரத்துக்கு ஏதானாலும் மதி, அது போறும். வலியசாலைக் கோவில் உத்சவம் மாதிரி முழங்கணும். நீங்க பேசறது என் காதுலே விழப்படாது."

கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் தன் குரல் கசந்துவிட்டதா என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பாட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

மாலையில் மகன் வீட்டுக்குள் நுழைந்ததும், மாமியார் சுப்புலக்ஷ்மி இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது, புதுசாப் பாட்டுப் பைத்தியம்?" என்றான் நாகேஸ்வரன்.

"இருக்கறது ஒத்தை ரூம். நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாள்டா கண்ணாலேயே பேசிப்பேள்?" என்றபடி ஒலியைக் கூட்டினாள்.