இந்த வீட்டில் எத்தனை பேர்?

"உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு, சார்?"

"அதை எதுக்கு உங்களுக்குச் சொல்லணும்? போங்க, வேலை கிடக்கு."

மரவேலைக்காரர் கதவைச் சாத்தினார். அவரே செய்த கதவு. சாத்தினால் தெருவுக்கே கேட்கும்.

வெளியே நின்றவர் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர். தோளில் பை, கையில் குடை, முகமெல்லாம் வியர்வை. இதோடு மூன்றாவது தடவையாகத் திரும்பிப் போகிறார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பைப் பாதியில் மூட்டை கட்டிவிட்டு அப்பாவின் பட்டறையில் பலகைக்கு உப்புத்தாள் தேய்க்கிறவள் அவள். மனசில் வந்ததை வடிகட்டிப் பேசத் தெரியாது.

"ஏம்ப்பா, அவங்க என்ன உன் கிட்னியையா கேட்டாங்க? எத்தனை பேருன்னுதானே கேட்டாங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வேலையைப் பாரு."

"எனக்குத் தெரியும். ஆளை எண்ணித்தான் எங்க ஸ்கூல் வேணும், எங்க ஆஸ்பத்திரி வேணும்னு கணக்குப் போடுவாங்களாம். குழாய்ல காத்துதான் வருதுன்னு தினம் புலம்புறது யாரு? நீதானே. எல்லாரும் உன்னை மாதிரி கதவைச் சாத்தினா, இந்தத் தெருவுல மனுஷங்களே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம் காத்துதான் வரும்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லாக் கேளு. இவர் போட்ட சத்தத்துல எதிர்வீட்டுக்காரி டிவியை நிறுத்திட்டு ஜன்னல்ல வந்து நிக்கிறா."

அப்பா காதில் வாங்காத மாதிரி இழைப்புளியைத் தள்ளினார்.

அவர் ஏன் விரட்டுகிறார் என்பது மகளுக்குத் தெரியும். போன மாதம் அண்ணன் ஒரு அலமாரிக்கு அளவைத் தப்பாக எடுத்துவிட்டான். அலமாரி கேட்டவர் முன்னாலேயே அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். பெயிண்ட் கடையில் வேலை, சிநேகிதன் அறையில் படுக்கை.

எத்தனை பேர் என்று கேட்டால் மூணா, நாலா என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூணு என்றால் அம்மா உட்கார்ந்து அழுவாள். நாலு என்றால் அப்பாவின் மீசை இறங்கிவிடும்.

"அண்ணனைச் சேர்த்துச் சொல்லணுமேன்னுதானே அவங்களை விரட்டுறே?"

அப்பா தள்ளிய தள்ளலில் மரச்சீவல் கொஞ்சம் தடிமனாக விழுந்தது.

மகள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போ. கணக்கெடுக்க வர்ற டீச்சரை இந்த மனுஷன் நாயை விரட்டுற மாதிரி விரட்டுறாரு. நாளைக்குத்தான் கடைசி நாளாம். என்னால மல்லுக்கட்ட முடியலை."

"நான் வந்தா இன்னும் கத்துவாரு, வாயாடி."

"நீ வராமலே கத்திட்டுத்தான் இருக்காரு. வந்தா உனக்கும் பாதி கிடைக்கும், எனக்குக் கொஞ்சம் குறையும்."

மறுபக்கம் சிரிப்பு கேட்டது.

மறுநாள் டீச்சர் வந்து நின்றபோது அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "உங்களுக்கு எத்தனை தடவை..."

"உள்ள வாங்க, டீச்சர்." பின்பக்கமாக வந்திருந்த அண்ணன் முக்காலியைத் துடைத்துப் போட்டான். "அவர் அப்படித்தான். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா அவனை ஏறெடுத்துப் பார்க்காமல் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கேட்கக் கேட்க அண்ணன் சொன்னான். வீடு சொந்தமா, வாடகையா, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உள்ளேயா, வெளியேயா எல்லாம் முடிந்தது.

"சரி. இங்க வழக்கமா தங்குறவங்க எத்தனை பேரு?"

அண்ணன் கொஞ்சம் தயங்கினான். "மூணு பேரு. நான் இப்ப ரூம்ல தங்கியிருக்கேன். அங்கேயே என்னை எழுதிக்கிட்டா போதும்."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"நாலு," என்றார் அப்பா, பலகையைப் பார்த்தபடியே. "சாயங்காலம் பையை எடுத்துட்டு வந்துடுவான். நாலுன்னே போடுங்க."

டீச்சர் அண்ணனைப் பார்த்தார். "தம்பி, நீங்கதான் சொல்லணும். எங்க இருக்கீங்களோ அங்கதான் எழுத முடியும்."

"நாலு பேர் முன்னாடி கத்தக் கூடாது," என்றான் அண்ணன் அப்பாவிடம்.

"ரம்பச் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின தொண்டைடா. குறைச்சுக்கப் பார்க்கிறேன்."

அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "நாலுன்னே போட்டுக்கங்க, டீச்சர்."

டீச்சரை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் மகள் கூடவே போனாள். அப்பாவுக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது.

"மன்னிச்சுக்கங்க, டீச்சர். எங்கப்பா உங்களை ரொம்ப அலைய விட்டுட்டாரு. சரியான முரட்டு ஆளு."

டீச்சர் குடையை விரித்துக்கொண்டே சிரித்தார்.

"அலையச் சொல்லிக் கேட்டுக்கிட்டதே அவர்தாம்மா. முதல் நாளே இதே இடத்துல என்னை நிறுத்தி, 'வந்துட்டே இருங்க, டீச்சர், நான் கொஞ்சம் சத்தம் போடுவேன், மனசுல வச்சுக்காதீங்க. பையனைக் கூப்பிட எனக்கு வாய் வரலை. எம் பொண்ணுக்குக் கோபம் வந்தா அவளே போன் போட்டுடுவா'ன்னார்."