கழுவாத கை

விஷம் வைத்த கன்றைத் தின்று செத்துக் கிடந்த பெண்புலியை, அறுத்துப் பார்ப்பதற்காகப் புரட்டியபோது வனத்துறை வாச்சர் கேத்தனின் வலது கை நனைந்தது. ரத்தமில்லை, பால்.

"சார், இது குட்டி போட்டிருக்குதுங்க."

கால்நடை டாக்டர் மடியை அழுத்திப் பார்த்தார். "இருபது நாள்கூட ஆகியிருக்காது. எங்க வெச்சிருக்கும், கேத்தா?"

விதிப்படி புலியை அன்றே எரித்தார்கள். குட்டிகளைத் தேட வந்தவர்கள் இரண்டாம் நாளே திரும்பிவிட, மூன்றாம் நாளும் கேத்தன் மட்டும் அடர்ந்த உண்ணிச்செடிப் புதர்களுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தான். அந்தக் கையை அவன் கழுவவே இல்லை. சோறு தின்றதும் இடது கையால்தான். ஒவ்வொரு புதருக்குள்ளும் வலது கையை நீட்டி, தாயின் பால் வாசத்துக்கு எழக்கூடிய ஒரு முனகலுக்காகக் காத்திருந்தான். ஆனால் வேட்டைக்குப் போகும் தாய் குட்டிகளைப் பதுங்க வைத்துவிட்டுத்தான் போகும் என்பதும், அது திரும்பி வந்து கூப்பிடும்வரை எவ்வளவு பசித்தாலும் அவை மூச்சுக் காட்டாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அழுங்கடா," என்று கெஞ்சினான். "ஒரே ஒருக்கா அழுதிருங்கடா, சாமி."

ஒரு சருகுகூட அசையவில்லை. ஒருவேளை நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளித்தான், அவை சமர்த்தாகப் படுத்திருக்கலாம்.