பறவையின் தலை மேலே

தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் பொன்னுத்தங்கத்தின் மடியில் விழுந்து கிடக்கிறது. அவள் மத்தாப்புப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். லேபிளின் நடுவே எகிப்து தேசத்துப் பழங்காலச் சித்திர எழுத்து: பறவை, கண், பாம்பு. சுற்றிலும் இங்கிலீஷ். தமிழே படிக்கத் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷ் எங்கே துணை வரும்? பறவையின் தலை மேலே இருந்தால் லேபிள் நேர், அவ்வளவுதான். பசைக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரிக்கிறாள். வெடிமருந்து கலக்கும் அறையில் புருசன் கருகிச் செத்த மறுநாள் கம்பெனியில் கொடுத்த தாள். முழுக்க இங்கிலீஷ். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறாள். "என்னக்கா தேடுறீக?" என்கிறாள் பக்கத்தில் ஒட்டும் இசபெல். "எது தலை, எது காலுன்னு தெரியல தாயி. இதுல ஒரு குருவிகூட இல்ல." தாளின் மூலையில், ஊதா மையில், அவளுடைய கைநாட்டு மட்டும் இருக்கிறது.