போனிடம் சொன்ன வலி

"வலி இன்னைக்கும் பத்துன்னுதாங்க வந்திருக்கு. அதுக்கு மேல அளவே கிடையாது. வீட்ல எப்படி இருக்காங்க?"

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் இப்படிக் கேட்டதும், சசிகுமார் வேனை அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினான். பின்னால் சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய துணி உருளைகள் காத்திருந்தன.

"நல்லாத்தானுங்க இருக்கறா," என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் மனைவி சித்ரகலா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். முதுகுத்தண்டு கெட்டு, இடுப்பிலிருந்து பாதம் வரை நெருப்பாய் எரிந்த வலி எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் இடுப்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்தார்கள். அது மெல்லிய மின்சாரம் அனுப்பி வலியை அமுக்கிவிடும். கூட்டவும் குறைக்கவும் போனில் ஒரு ஆப். தினமும் காலையில் அதில் ஒரு எண்ணை அழுத்தினால் போதும், வலி எவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துவிடும்.

வீட்டு மனிதர்களிடம் வலியை மறைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்றாள் நர்ஸ். பலன் இல்லையென்றால் கருவியை எடுத்துவிடுவதே மேல் என்று டாக்டர் நினைக்கிறாராம். வெள்ளிக்கிழமை கூட்டிவரச் சொன்னாள்.

போனை வைத்தவனுக்கு வண்டியை எடுக்க மனம் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கலா விடிவதற்குள் எழுந்துவிடுகிறாள். தூக்கம் பிடிக்காமல்தானே? மறுபடி மிஷினில் உட்காருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மண்ணரையில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாள். அதைப் பார்த்து இவன் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தான். பாவி, பல்லைக் கடித்துக்கொண்டு அல்லவா சிரித்திருக்கிறாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனிடம் மறைத்துவிட்டு, நேற்று வந்த ஒரு ஆப்பிடம் உண்மையைச் சொல்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவன் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். என்ன திடீர் கரிசனம் என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு அரைக்கண்ணால் கவனித்தான். கலா முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை எடுத்தாள். பத்தை அழுத்தினாள். பிறகு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் சசிகுமாரால் படுத்திருக்க முடியவில்லை.

"நீ நடிச்சது போதும் கலா. ஆஸ்பத்திரியில எல்லாஞ் சொல்லீட்டாங்க. வெள்ளிக்கிழமை போயி அந்தக் கருவிய எடுத்துப்போடலாம். இனி நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், உன்ன உக்கார வெச்சு நான் பாத்துக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அவள் பதறிப்போய் இடுப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பொம்மையைப் பிடுங்க வந்தவனைக் குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தாள். எதற்கு எடுக்க வேண்டும், யார் சொன்னது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"பின்ன, தெனமும் போன்ல பத்து போடறியே, அது என்னவாம்?"

"பத்துதானுங்க போடுவேன்," என்றாள் சித்ரகலா. "இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுப்போட்டு, கீழ பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் நம்பர் குடுத்திருக்கறாங்க. என்னை வலியே இல்லாமப் பண்ணிவுட்ட டாக்டருக்கு ஒரு மார்க் கொறைச்சுப் போட எனக்கு மனசு வருமுங்களா?"