படகில் பத்து ஆடு

“பத்து ஆட்டுக்கு மேலை ஒரு முயல்குட்டியும் ஏத்தமாட்டன் அண்ணை. பத்தும் ஏறியாச்சு.”

படகோட்டி அன்ரன் அன்று சொன்னது முயல்குட்டியா, கோழிக்குஞ்சா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம். மற்றதெல்லாம் சரியாகத்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் கதிர்காமு தன் ஆறு ஆடுகளின் கயிறுகளையும் பிடித்தபடி நின்றார். அந்தக் கிழமையில் அவற்றை அவர் துறைக்கு நடத்தி வந்தது அது நான்காவது தடவை. யாழ்ப்பாணத்தில் விற்றால்தான் மழைக்கு முன் வீட்டுக்கு ஓடு போடலாம். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது.

படகின் முன்பக்கத்தில் பத்து ஆடுகள், கடலைக் கண்டும் கத்தாமல், அசைபோட்டுக்கொண்டிருந்தன.

“குடுத்து வைச்ச ஆடுகள்,” என்றார் கதிர்காமு.

“கவலைப்படாதையும்,” என்றார் ஆட்டு வியாபாரி பரராசசிங்கம். காலையில் படகு புறப்படும்போது அவர் துறையில் இல்லாத நாளில்லை. “ஆறையும் இஞ்சையே நான் எடுக்கிறன். ஒண்டு இருபத்தையாயிரம்.”

“யாழ்ப்பாணத்திலை நாப்பது போகுது!”

“அது யாழ்ப்பாணத்திலை. உம்மடை ஆடு நிக்கிறது நெடுந்தீவிலை. நீந்துமோ?”

படகுக்கு நின்ற சனம் சிரித்தது. கதிர்காமு, பக்கத்து வளவு லியோனைத் திரும்பிப் பார்த்தார். லியோன் கனடாவில் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறவன். லீவு முடிந்து அந்தப் படகில்தான் புறப்பட நின்றான்.

“தம்பி, நீர் படிச்ச பிள்ளை. இது நியாயமே?”

“இது கனடாவிலை எங்கடை அல்பேர்ட்டா மாகாணத்துக் கதைதான் அண்ணை,” என்றான் லியோன் உற்சாகமாக. “அங்கை எண்ணெய் கனக்க எடுக்கினம். வெளியிலை கொண்டுபோற குழாய் காணாது. குழாய் நிரம்பினால் அமெரிக்காக்காரன் உலக விலைக்கு எடுக்கமாட்டான், குறைச்சுத்தான் கேப்பான். எண்ணெயிலை பிழையில்லை. குழாயிலை இடமில்லை.”

“அப்ப என்ரை ஆட்டிலை பிழையில்லை?”

“இல்லை. போட்டிலை இடமில்லை.”

“கேட்டீரே?” என்றார் பரராசசிங்கம். “கனடாவே சொல்லுது.”

கதிர்காமு படகின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

“தம்பி, அந்தக் குழாய்க்குள்ளை போறது ஆரின்ரை எண்ணெய்?”

“ஆரின்ரையெண்டால் என்ன அண்ணை? முந்தி இடம் பிடிச்சவன்ரை. சந்தை எண்டால் அப்பிடித்தான். ஒருத்தரிலையும் கோவிக்க ஏலாது.”

கதிர்காமு வியாபாரியிடம் திரும்பினார். “போட் நிரம்பினது உமக்கும்தானே? நீர் எப்பிடிக் கொண்டுபோவீர்?”

“நான் அவசரமில்லாமல் ஆறுதலாய்க் கொண்டுபோவன். எனக்குக் கூரை ஒழுகேல்லை.”

கதிர்காமு கயிறுகளைக் கொடுத்தார். வியாபாரி சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த காசை நீட்டினார். லியோன் இருவரோடும் கைகுலுக்கிவிட்டுப் படகில் ஏறினான்.

கதிர்காமுவின் வீட்டில் பாதிக்குத்தான் ஓடு வந்தது. அந்த மாரியை அவரும் மனைவியும் ஓடு போட்ட பாதியில் கழித்தார்கள். லியோனுக்குக் கனடாவில் பதவி உயர்வு கிடைத்தது. அன்ரன் இன்றும் அதே படகைத்தான் ஓட்டுகிறார். பரராசசிங்கம் ஊர்காவற்றுறையில் மாடி வீடு கட்டினார். அந்தப் பத்து ஆடுகளும் அன்று அக்கரையில் இறங்கவில்லை. வழக்கம்போல மாலைப் படகில் நெடுந்தீவுக்கே திரும்பி வந்தன. மாதம் முழுவதற்கும் அவற்றின் போக்குவரத்துக் கூலியைப் பரராசசிங்கம் முதலாம் திகதியே கட்டியிருந்தார்.